குழாய்க் கணக்கும் பேறுகால இரத்த அழுத்தமும்

மகப்பேற்று மருத்துவம் பற்றி இயற்பியல் ஆசிரியன் ஒருவன் எழுதப் புகுந்தால், ‘இவனுக்கு இங்கே என்ன வேலை?’ என்று வாசகர்கள் கேட்பது இயல்பே. காரணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் என் அக்கா தலைப்பிரசவத்துக்காக எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எட்டாம் மாதத் தொடக்கத்தில் அவளுடைய இரத்த அழுத்தம் 160/110 என்று ஏறிவிட்டது. சிறுநீரில் புரதம் இருந்தது. மருத்துவமனையில் சேர்த்து, ஆறாம் நாள் அறுவை செய்து குழந்தையை எடுத்தார்கள். குழந்தையின் எடை ஒன்றரைக் கிலோ. தாயும் பிள்ளையும் இன்று நலமாக இருக்கிறார்கள். ஆனால் அந்த ஆறு நாளும் மருத்துவமனை வராந்தாவில் நடந்த விசாரணையை நான் மறக்கவில்லை. “மாங்காய் ஊறுகாயை அப்படித் தின்னாளே, சொன்னா கேட்டாளா?” என்றார் அக்காவின் மாமியார். “எதையாவது மனசுல போட்டு உழப்பிக்கிட்டே இருந்தா” என்றார் என் அம்மா. நோயுற்றவள் உள்ளே படுத்திருந்தாள்; குற்றவாளியாகவும் அவளே ஆகியிருந்தாள்.

வீடு திரும்பும்போது ஒரு துண்டுப் பிரசுரம் கொடுத்தார்கள். யார் வெளியிட்டது என்பது இங்கு முக்கியமல்ல. அதே விளக்கத்தைப் பின்னர் வேறு பல இடங்களிலும் கண்டேன். ‘நோய்க் காரணம்’ என்ற தலைப்பின் கீழ் அது கூறியதன் சாரம் இதுதான்: கருப்பைக்கு இரத்தம் கொண்டு செல்லும் குழாய்கள் சில பெண்களுக்குக் குறுகலாக அமைந்துவிடுகின்றன, குறுகிய குழாயில் நீரைச் செலுத்தினால் அழுத்தம் கூடுவது போல் தாயின் இரத்த அழுத்தம் கூடுகிறது, உப்பு உடலில் நீரைத் தேக்கி இதை மிகுதியாக்குகிறது, ஆகவே உப்பையும் கவலையையும் விலக்க வேண்டும். பக்கத்தில் ஒரு படம். தோட்டக் குழாயின் வாயைக் கட்டைவிரல் பாதி அடைத்திருக்கிறது. நீர் சீறிப் பாய்கிறது.

முதலாண்டு மாணவர்களுக்குப் பாய்மங்களின் ஓட்டத்தைக் கற்பிப்பவன் நான். அந்தப் படம் என் பாடப் பகுதிக்குள் வந்துவிட்டது. ஆகவே அதை விமரிசிக்க எனக்கு உரிமை உண்டு என்று கருதுகிறேன்.

நோயின் அடையாளம்

கருவுற்று 20 வாரங்களுக்குப் பின், அதுவரை சரியாக இருந்த இரத்த அழுத்தம் 140/90 அல்லது அதற்கு மேல் சென்று, அதோடு சிறுநீரில் புரதம் வெளியேறினாலோ, ஈரல், சிறுநீரகம், மூளை, இரத்தத் தட்டுகள் ஆகியவற்றில் கேடு தோன்றினாலோ, அதை முன்சூல்வலிப்பு என்கிறார்கள். முற்றினால் வலிப்பு வரும். அந்த வலிப்புக்கு மேனாட்டார் வைத்த ‘எக்லாம்ப்சியா’ என்ற பெயர், மின்னல் வெட்டைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து வந்தது. முன்னறிவிப்பின்றித் தாக்குவதால் அப்பெயர். உலகில் நூறு கருவுற்ற பெண்களில் 2 முதல் 8 பேரை இந்நோய் பீடிக்கிறது. மகப்பேற்றையொட்டிய தாய் இறப்புகளில் ஏறத்தாழ ஏழில் ஒன்று இவ்வகை இரத்த அழுத்த நோய்களால் நேர்கிறது. குழந்தையும் நச்சுக்கொடியும் வெளியே வந்த பிறகு பெரும்பாலும் சில நாட்களிலோ வாரங்களிலோ தணிந்துவிடும். ஆனால் பேறு முடிந்த பின்பும் சிலருக்கு வலிப்பு வருவதுண்டு. பிள்ளை பிறந்துவிட்டதே என்று அலட்சியமாக இருந்துவிடக் கூடாது.

கட்டைவிரல் படத்தின் பிழை

இப்போது அந்தத் தோட்டக் குழாய்க்கு வருவோம். தோட்டக் குழாய்க்கு ஒரே ஒரு வாய்தான். அதைப் பாதி அடைத்தால் நீருக்கு வேறு வழியில்லை. பின்னால் அழுத்தம் கூடும். நம் உடலின் இரத்த ஓட்டம் அப்படி அமைந்ததா? இல்லை. அது ஊர்க் குடிநீர்த் தொட்டியைப் போன்றது. இதயத்திலிருந்து புறப்படும் பெருந்தமனியிலிருந்து மூளைக்கு ஒரு கிளை, சிறுநீரகங்களுக்கு ஒரு கிளை, குடலுக்கு, தசைகளுக்கு, தோலுக்கு என்று பல கிளைகள் பக்க இணைப்பில் பிரிகின்றன. கருப்பை அவற்றுள் ஒரு கிளை. ஒரு தெருவின் குழாயைப் பாதி மூடினால் ஊர் முழுவதும் அழுத்தம் எவ்வளவு கூடும்?

கணக்கிட்டே பார்த்துவிடலாம். கருவுற்ற பெண்ணின் இதயம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 லிட்டர் இரத்தத்தை வெளியேற்றுகிறது. நிறைமாதத்தில் கருப்பைக்குச் செல்வது அதில் சுமார் எட்டில் ஒரு பங்கு. பக்க இணைப்பில் மின்தடைகளைக் கூட்டும்போது தடையின் தலைகீழிகளைக் கூட்டுகிறோம் அல்லவா? இங்கும் அதே முறைதான். கருப்பைக் கிளையின் கடத்துதிறன் பாதியாகக் குறைந்தால் உடலின் மொத்தக் கடத்துதிறன் பதினாறில் ஒரு பங்கு குறையும். இதயம் அதே அளவு இரத்தத்தைச் செலுத்துவதாகக் கொண்டால், அழுத்தம் 16/15 மடங்காகும். அதாவது, நூற்றுக்கு ஏழு கூடக் கூடாது.

110/70 என்ற அழுத்தத்தின் சராசரி சுமார் 83 மில்லிமீட்டர் பாதரசம். (சராசரியைக் காண, கீழ் எண்ணோடு இரண்டுக்குமுள்ள வேறுபாட்டில் மூன்றில் ஒரு பங்கைக் கூட்ட வேண்டும், இதயம் விரிந்திருக்கும் நேரம் நீண்டது என்பதால் இவ்வாறு கணக்கிடுகிறார்கள்.) கருப்பைக் குழாய்கள் பாதி அடைபட்டால் அது 89 ஆகும். முழுவதும் அடைபட்டாலும் 95-க்கு மேல் போகாது. என் அக்காவுக்கு இருந்த 160/110-இன் சராசரி 127. ஒன்றரை மடங்கு! 83-க்கும் 127-க்கும் இடையே உள்ள இந்தப் பள்ளத்தைக் கட்டைவிரல் படத்தால் நிரப்பவே முடியாது. மேலும், உடலில் அழுத்தத்தைக் கண்காணித்துச் சரிசெய்யும் நரம்பு ஏற்பாடு வேறு இருக்கிறது. அந்தச் சிறிய ஏற்றத்தையும் அது பெரும்பாலும் ஈடுகட்டிவிடும்.

எனவே அழுத்தம் கூடுவதற்கு ஊரின் எல்லாத் தெருக்களிலும் குழாய்கள் இறுக வேண்டும். கைகால்களில், சிறுநீரகத்தில், குடலில், எங்கும். கருப்பையில் ஏற்படும் கோளாறு கை நரம்புக்கு அருகே ஓடும் சிறு தமனிக்கு எப்படித் தெரிகிறது? இரத்தத்தின் வழியாக ஏதோ ஒரு செய்தி போக வேண்டும். இதற்கு நல்ல முன்மாதிரி ஒன்று உண்டு. 1934-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஹாரி கோல்ட்பிளாட் என்பவர் நாய்களின் சிறுநீரகத் தமனியைக் கவ்வியால் சற்று இறுக்கினார். நாயின் உடல் முழுவதும் இரத்த அழுத்தம் ஏறி நின்றது. குழாயை இறுக்கியதன் நேரடி விளைவு அன்று அது. பட்டினி கிடந்த சிறுநீரகம் இரத்தத்தில் அனுப்பிய வேதிச் செய்தியின் விளைவு. பின்னர் கருவுற்ற விலங்குகளில் கருப்பைக்குச் செல்லும் இரத்தத்தைக் குறைத்தபோதும் அழுத்தம் ஏறியது. துண்டுப் பிரசுரத்தின் முதல் வாக்கியத்தில் உண்மை இருக்கிறது. இரண்டாம் வாக்கியத்தில்தான் அது வழிதவறிவிட்டது.

நான்காம் படியின் கவர்ச்சி

அந்த உண்மை என்ன? கருப்பைச் சுவரில் நூறுக்குக் குறையாத சுருள் தமனிகள் உள்ளன. கரு பதிந்தபின் நச்சுக்கொடியின் செல்கள் இந்தத் தமனிகளுக்குள் ஊடுருவி, அவற்றின் தசைச்சுவரைக் கரைத்து, வாயை அகலமான புனலாக மாற்றிவிடுகின்றன. தாயின் உடல் விரும்பினாலும் அந்தக் குழாய்களை இனிச் சுருக்க முடியாது. 1967-லும் 1972-லும் பிராசென்ஸ், ராபர்ட்சன், டிக்சன் ஆகியோர் வெளியிட்ட ஆய்வுகள், முன்சூல்வலிப்புற்ற பெண்களிடம் இந்த மாற்றம் அரைகுறையாக நின்றுவிடுவதைக் காட்டின. இது இத்துறையின் பெரிய கண்டுபிடிப்புகளுள் ஒன்று.

ஆனால் இதை விளக்கும் சில எழுத்தாளர்கள் நம் புவாஸேயைத் துணைக்கழைத்துக் கொள்கிறார்கள். குழாயில் ஓட்டம் ஆரத்தின் நான்காம் படியைப் பொறுத்தது. வாய் 5 மடங்கு விரிந்தால் ஓட்டம் 625 மடங்காகும். விரியாவிட்டால் அத்தனையும் போயிற்று என்கிறார்கள். வகுப்பில் எந்த மாணவனாவது இப்படி எழுதினால் பாதி மதிப்பெண்தான் போடுவேன். புவாஸேயின் விதி குழாய் முழுவதற்கும் உரியது. விரிவது சுருள் தமனியின் கடைசிப் பகுதி மட்டும். அதற்கு முன்னால் விரியாத, குறுகிய பகுதி தொடர் இணைப்பில் இருக்கிறது. இரு பகுதிகளின் தடையும் சமம் என்று வைத்துக் கொள்ளுங்கள். பின்பகுதியின் தடை 625-இல் ஒன்றாகக் குறைந்தாலும் மொத்தத் தடை பாதியாகத்தான் ஆகும். ஓட்டம் இரு மடங்கைத் தாண்டாது. 625 எங்கே, 2 எங்கே!

அப்படியானால் இந்தப் புனல் எதற்கு? 2009-இல் கேம்பிரிட்ஜின் கிரகாம் பர்ட்டனும் அவருடைய குழுவினரும் இதைக் கணக்கிட்டுக் காட்டினார்கள். ஓட்டத்தின் அளவை விட அதன் வேகத்தில்தான் பெரிய மாறுதல். வாயின் விட்டம் 5 மடங்கானால் பரப்பு 25 மடங்கு. வேகம் 25-இல் ஒரு பங்கு. நொடிக்கு 2 முதல் 3 மீட்டர் வேகத்தில் பீச்சியடித்திருக்க வேண்டிய இரத்தம் 10 செ.மீ. வேகத்தில் மெல்ல வந்து நச்சுக்கொடியை நனைக்கிறது. புனல் அமையாவிட்டால் நச்சுக்கொடியின் மெல்லிய விரல்கள் மீது தாரை மோதுகிறது. அதோடு, தசை நீங்காத குழாய் விட்டுவிட்டு இறுகுகிறது. உயிர்வளி ஒரு கணம் குறைந்து மறுகணம் திரும்புகிறது. இந்த ஏற்றத்தாழ்வு தொடர்ந்த பற்றாக்குறையை விடவும் செல்களை வதைக்கக் கூடியது. இதுவே நச்சுக்கொடி நோயுறும் வழி என்று அவர்கள் கருதினர். நான்காம் படியைப் போல் கவர்ச்சியான விளக்கம் அன்று. ஆனால் குழாயின் உண்மையான அமைப்போடு பொருந்துகிறது.

இங்கும் ஓர் எச்சரிக்கை தேவை. இதே அரைகுறை மாற்றம், குழந்தை வளர்ச்சி குன்றிய சில பெண்களிடமும் காணப்படுகிறது. அவர்களுக்கு இரத்த அழுத்தம் ஏறுவதில்லை. மறுபுறம், நிறைமாதத்தை ஒட்டி நோய் வரும் பெண்கள் பலரிடம் நச்சுக்கொடி ஏறத்தாழ நன்றாகவே இருக்கிறது. எனவே சுருள் தமனியின் குறை மட்டுமே நோயை உண்டாக்கப் போதாது; எல்லா நோயாளிகளிடமும் அது இருந்தாக வேண்டும் என்பதும் இல்லை.

கோட்பாடுகளின் நோய்

1916-இல் ஜெர்மன் மருத்துவர் பால் ஸ்வைஃபல் இதற்குக் ‘கோட்பாடுகளின் நோய்’ என்று பெயர் சூட்டினார். அத்தனை பேர் அத்தனை காரணம் சொல்லியிருந்தார்கள். சிகாகோ நகரின் புகழ்பெற்ற மகப்பேற்று மருத்துவமனை ஒன்றில் அத்துறைப் பெருமக்களைப் போற்றும் சின்னங்களுக்கிடையே ஓரிடத்தை, இந்நோயின் காரணத்தைக் கண்டறியப் போகிறவருக்காகக் காலியாக விட்டுவைத்தார்கள் என்பது மருத்துவ உலகில் அடிக்கடி சொல்லப்படும் செய்தி.

இந்த வரலாற்றைப் படிக்கும்போது ஒன்று எனக்குப் பட்டது. எந்தக் காலத்தில் எந்தக் கருவி கைக்கு வந்ததோ, அந்தக் கருவி காட்டியதே நோய் ஆகிவிட்டது. 1843-இல் லண்டனில் ஜான் லெவர் என்பவர் வலிப்புற்ற பெண்களின் சிறுநீரைக் காய்ச்சிப் பார்த்து அதில் புரதம் இருப்பதைக் கண்டார். உடனே இது சிறுநீரக நோய் என்று பலர் கருதலாயினர். 1896-இல் ரிவா-ரோச்சி கையில் கட்டும் அழுத்தமானியை அமைத்தார். 1905-இல் கொரோட்காஃப் அதில் ஒலியைக் கேட்டு இரு எண்களையும் அறியும் முறையைச் சொன்னார். பிறகு இது இரத்த அழுத்த நோய் ஆகியது. உண்மையில் அழுத்தம் இந்நோயின் ஓர் அறிகுறிதான். வெப்பமானி காட்டும் எண்ணைக் காய்ச்சலின் காரணம் என்று யாரும் சொல்வதில்லை. அழுத்தமானி விஷயத்தில் மட்டும் நாம் ஏமாந்துவிடுகிறோம்.

இரத்தத்தில் ஏதோ நஞ்சு என்ற பொருளில் ‘டாக்சீமியா’ என்ற பெயரும் பல பத்தாண்டுகள் பாடநூல்களில் இருந்தது. அந்த நஞ்சை யாரும் கண்டதில்லை. (நம் மொழியில் அந்த உறுப்பின் பெயரிலேயே ‘நச்சு’ இருக்கிறது. சொல் ஒற்றுமையை அறிவியல் சான்றாகக் காட்டும் வழக்கம் நம்மிடையே உண்டு. மாணவர்கள் அந்த வழியில் போக வேண்டாம்.) 1983-இல் ஒரு குழுவினர் நுண்ணோக்கியில் புழு ஒன்றைக் கண்டுவிட்டதாகவே அறிவித்து அதற்குப் பெயரும் வைத்தார்கள். மற்றவர்கள் சோதித்தபோது அது சாயமிடும் முறையால் தோன்றிய போலி உருவம் என்று தெரிந்தது. சிரிக்க வேண்டாம். தாம் தேடுவதைக் காண்பது யாருக்கும் நேரக்கூடியது.

இத்தனை கோட்பாடுகளையும் வடிகட்ட இயற்கையே இரண்டு சோதனைகளைச் செய்து வைத்திருக்கிறது. ஒன்று, முத்துப்பிள்ளை எனப்படும் கோளாறு. இதன் முழு வடிவத்தில் கருப்பையில் குழந்தையே இராது. நச்சுக்கொடித் திசு மட்டும் முத்துமுத்தாகப் பெருகியிருக்கும். அந்தப் பெண்களுக்கும் முன்சூல்வலிப்பு வருகிறது. சிலருக்கு 20 வாரங்களுக்கு முன்பே வருகிறது. ஆக, குழந்தை தேவையில்லை. மற்றொன்று, கருப்பைக்கு வெளியே வயிற்றறையில் வளரும் அரிதான கரு. அங்கும் இந்நோய் வருவதுண்டு. ஆக, கருப்பை விரிவதும் காரணமில்லை. எஞ்சுவது நச்சுக்கொடி. அமெரிக்க மருத்துவர் எர்னஸ்ட் பேஜ் 1939-லேயே முத்துப்பிள்ளையைச் சான்றாகக் காட்டி இந்த முடிவுக்கு வந்துவிட்டார். கருவி எதுவும் இல்லாமல் தர்க்கத்தால் மட்டுமே எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு இதை என் மாணவர்களுக்குச் சொல்வதுண்டு.

ஊறுகாய் வழக்கு

உப்பைப் பற்றிய குற்றச்சாட்டு எங்கிருந்து வந்தது? நோயாளியின் காலும் முகமும் வீங்குகின்றன. வீக்கம் என்பது நீர். நீரைத் தேக்குவது உப்பு. ஆகவே உப்பே பகை. கேட்பதற்குச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் அளந்து பார்த்தால், முன்சூல்வலிப்புற்ற பெண்ணின் இரத்தக் குழாய்களுக்குள் ஓடும் திரவத்தின் பருமன், நலமான கருவுற்ற பெண்ணுக்கு இருப்பதை விடக் குறைவு. நீர் குழாய்களுக்கு வெளியே கசிந்து தசையில் தேங்கி நிற்கிறது, குழாய்க்குள் பற்றாக்குறை.

1958-இல் இங்கிலாந்தில் மார்கரெட் ராபின்சன் என்ற மருத்துவர் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட கருவுற்ற பெண்களில் ஒரு சாராரை உப்பு கூட்டியும் மற்றொரு சாராரை உப்பு குறைத்தும் உண்ணச் சொன்னார். உப்பைக் குறைத்தவர்களிடம்தான் நோய் அதிகமாக இருந்தது. இன்றைய அளவுகோலில் அந்த ஆய்வில் குறைகள் உண்டு. ‘உப்பு நோயைத் தடுக்கும்’ என்று அதிலிருந்து முடிவு கட்டக் கூடாது. ஆனால் உப்பைக் குறைப்பதால் இந்நோய் தடுக்கப்படுகிறது என்று பிற்காலச் சோதனைகளும் காட்டவில்லை. சிறுநீரைப் பெருக்கும் மாத்திரைகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஏறத்தாழ 7000 பெண்களிடம் நடந்த சோதனைகளை 1985-இல் ஒன்றுதிரட்டிப் பார்த்தபோது, வீக்கம் குறைந்திருந்தது. குழந்தைகளின் இறப்பு குறைந்ததாகத் தெளிவான சான்று கிடைக்கவில்லை. கருவுறுமுன்பே நாட்பட்ட இரத்த அழுத்தமோ சிறுநீரக நோயோ உள்ளவர்களின் உணவு வேறு விஷயம். அதை அவர்களுடைய மருத்துவர் சொல்ல வேண்டும். ஆனால் நலமாக இருந்த பெண் உண்ட ஊறுகாய் இந்நோயைக் கொண்டுவந்தது என்பதற்குச் சான்று இல்லை. மாமியாரிடம் இதை நான் சொன்னேன். “நீ காலேஜு வாத்தியார், சொல்லுவே” என்று கூறி அவர் வழக்கை முடித்துவிட்டார்.

செய்தி கிடைத்தது

இரத்தத்தில் போகும் செய்தி என்று முன்னே சொன்னேனே, அது என்ன? 1989-இல் ஜேம்ஸ் ராபர்ட்ஸ் என்பவரும் உடன் உழைத்தவர்களும், இந்நோய் அடிப்படையில் இரத்தக் குழாய்களின் உட்படலம் கெடுவது என்று எழுதினார்கள். உடலெங்கும் உள்ள எல்லாக் குழாய்களுக்கும் அந்த மெல்லிய உட்படலம் உண்டு. அது கெட்டால் குழாய் இறுகும், திரவம் கசியும், சிறுநீரக வடிகட்டி ஓட்டை விழும், ஈரலும் மூளையும் பாதிக்கப்படும். தனித்தனியாகக் கிடந்த அறிகுறிகள் எல்லாம் ஒரே நூலில் கோக்கப்பட்டன. உட்படலத்தைக் கெடுப்பது எது என்ற கேள்வி மட்டும் நின்றது.

2003-இல் அதற்கு வலுவான விடை ஒன்று வந்தது. சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்து அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் சிறுநீரக ஆய்வு செய்துவந்த அனந்த் கருமாஞ்சியும் அவருடைய குழுவினரும், நோயுற்ற பெண்களின் நச்சுக்கொடி ‘எஸ்எஃப்எல்டி-1’ என்ற புரதத்தை மிகுதியாகச் சுரந்து தாயின் இரத்தத்தில் விடுவதைக் கண்டனர். உட்படலம் நலமாக இருக்க இரத்தத்தில் ஒரு வளர்ச்சிக் காரணி வேண்டும். அது செல்லின் மேலுள்ள ஏற்பியில் வந்து பொருந்தும். எஸ்எஃப்எல்டி-1 என்பது அந்த ஏற்பியின் அறுபட்ட துண்டைப் போன்றது. இரத்தத்தில் மிதந்துகொண்டு, வளர்ச்சிக் காரணியை வழியிலேயே பிடித்து வைத்துக் கொள்கிறது. வீட்டுக்கு வர வேண்டிய மணியார்டரைத் தெருமுனையிலேயே ஒருவன் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்வது போல.

எனக்கு இதில் பிடித்தது, அவர்கள் மேற்கொண்டு செய்த சோதனை. இந்தப் புரதத்தை எலிகளின் உடலில் மிகுவித்தார்கள். அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் வந்தது, சிறுநீரகத்தில் இந்நோய்க்கே உரிய மாறுதல் தோன்றியது. கருவுறாத எலிகளுக்கும் அழுத்தம் ஏறியது! குழாய் குறுகலும் இல்லை, கருப்பைச் சுமையும் இல்லை, செய்தி மட்டும் போதுமானதாக இருந்தது. இன்னொரு சான்று எதிர்பாராத இடத்திலிருந்து வந்தது. அதே வளர்ச்சிக் காரணியைத் தடுக்கும் பெவாசிசுமாப் என்ற மருந்தைப் புற்றுநோயாளிகளுக்குக் கொடுத்தபோது, ஆண் பெண் என்ற வேறுபாடின்றிப் பலருக்கு இரத்த அழுத்தம் ஏறியது, சிறுநீரில் புரதம் வந்தது. ஓர் ஆணுக்குக் கருப்பைக் குழாய் குறுகியிருக்க முடியாது அல்லவா?

‘காரணம் கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது’ என்று இதையொட்டி எழுதியவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. இந்தப் புரதம் மிகாத நோயாளிகள் இருக்கிறார்கள். குறிப்பாக, நிறைமாதத்தில் நோய் வருபவர்களிடம் ஏற்றம் சிறிதே. அதை நச்சுக்கொடி ஏன் மிகுதியாகச் சுரக்கிறது என்ற கேள்வியும் பாக்கி. 2017-இல் வெளியான மரபணு ஆய்வு ஒன்று, குழந்தையின் மரபணுத் தொகுதியில் இந்தப் புரதத்துக்குரிய மரபணுவின் அருகே உள்ள மாறுபாடு நோயோடு தொடர்புடையது என்று காட்டியது. நச்சுக்கொடி குழந்தையின் மரபணுவால் ஆனது. அந்த மரபணுவில் பாதி தந்தையுடையது. மாமியார்கள் கவனிக்க.

இரத்தத்தில் இந்தப் புரதத்துக்கும் நச்சுக்கொடி வளர்ச்சிக் காரணிக்கும் உள்ள விகிதத்தைக் கொண்டு ஒரு பரிசோதனையும் வந்துள்ளது. 2016-இல் வெளியான ஆய்வில், சந்தேகத்துக்குரிய பெண்களில் விகிதம் 38-ஐத் தாண்டாதவர்களுக்கு அடுத்த ஒரு வாரத்துக்குள் நோய் வராது என்ற கணிப்பு நூற்றுக்கு 99 சரியாக இருந்தது. விகிதம் 38-ஐத் தாண்டியவர்களுக்கு நான்கு வாரத்துக்குள் நோய் வரும் என்ற கணிப்போ நூற்றுக்கு 37 தான் பலித்தது. ‘வராது’ என்பதை நன்றாகச் சொல்லும் சோதனை. ‘வரும்’ என்பதை அவ்வளவு நன்றாகச் சொல்லாது. நோயின் முழுக் காரணமும் கையில் இருந்தால் இப்படி இருக்காது.

தாயின் நோய்த்தடுப்பு ஏற்பாடு பற்றிய கோட்பாட்டையும் குறிப்பிட வேண்டும். நச்சுக்கொடி பாதி அயலானது; அதைத் தாயின் உடல் ஏற்றுக்கொள்ளப் பழக வேண்டும்; பழகாத முதல் பேற்றில்தான் நோய் அதிகம் என்பது அதன் வாதம். முதல் பேற்றில் அதிகம் என்பது உண்மை. கணவர் மாறினால் இரண்டாம் பேற்றிலும் அபாயம் திரும்புகிறது என்பதை இதற்குச் சிறந்த சான்றாக நெடுநாள் காட்டி வந்தார்கள். 2002-இல் நார்வே நாட்டின் பிறப்புப் பதிவேடுகளை ஆராய்ந்தவர்கள், இரு பேறுகளுக்கும் இடையே உள்ள ஆண்டுகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டால் கணவர் மாறியதன் விளைவு மறைந்துவிடுகிறது என்றார்கள். இடைவெளி நீண்டதால் ஏறிய அபாயம் புதுக் கணவர் பெயரில் எழுதப்பட்டிருந்தது! ஊறுகாய் வழக்கை விட இது ஒன்றும் குறைந்த தவறன்று. புள்ளிவிவரம் தெரிந்தவர்கள் செய்தது என்பதுதான் வேறுபாடு.

காரணம் முழுமையாகத் தெரியாமலே சில மருந்துகள் பயன் தந்திருக்கின்றன. மக்னீசியம் சல்ஃபேட் வலிப்பு அபாயத்தைப் பாதிக்கும் கீழாகக் குறைக்கிறது என்பதை 2002-இல் 33 நாடுகளில் பத்தாயிரம் பெண்களிடம் நடந்த சோதனை நிறுவியது. அபாயம் மிகுந்தவர்களைத் தேர்ந்தெடுத்து 12 வாரம் முதல் நாளொன்றுக்கு 150 மில்லிகிராம் ஆஸ்பிரின் கொடுத்தபோது, 37 வாரத்துக்கு முன் வரும் நோய் நூற்றுக்கு 4.3-லிருந்து 1.6 ஆகக் குறைந்தது. இது 2017-இல் வெளியான முடிவு. உணவில் சுண்ணாம்புச் சத்து குறைந்த நாடுகளில் கால்சியம் மாத்திரையும் பயனளிக்கிறது. இவற்றை மருத்துவர் சொல்லாமல் யாரும் உட்கொள்ளக் கூடாது என்பதைச் சொல்ல வேண்டியதில்லை.

துண்டுப் பிரசுரத்தின் பெரிய குறை அதில் இருந்ததை விட இல்லாததுதான். கடும் தலைவலி, கண்முன் பொறி பறத்தல், மேல்வயிற்று வலி, திடீரென முகம் வீங்குதல், மூச்சுத் திணறல் ஆகியவை கண்டால் இரவென்றும் பாராமல் மருத்துவமனைக்கு ஓட வேண்டும் என்ற ஒரு வரி அதில் இல்லை. கட்டைவிரல் படத்துக்குக் கொடுத்த இடத்தில் அதைப் போட்டிருக்கலாம். அக்காவுக்குத் தலைவலி இரண்டு நாள் இருந்தது. தைலம் தேய்த்துப் படுக்க வைத்திருந்தோம்.

இன்னொரு வரியும் விடுபட்டிருந்தது. இந்நோய் வந்துபோன பெண்களுக்குப் பிற்காலத்தில் இதயநோய் வரும் அபாயம் மற்றவர்களைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு என்று பல ஆய்வுகளைத் தொகுத்தவர்கள் 2007-இல் எழுதினார்கள். நோய் உட்படலத்தில் விட்டுச்சென்ற தழும்பு இது என்கிறார்கள் சிலர். இல்லை, இதயத்தின் திறன் முன்பே சற்றுக் குறைவாக இருந்ததால்தான் நச்சுக்கொடியே நோயுற்றது என்கிறார்கள் வேறு சிலர். கருவுறுவதற்கு முன்பே பெண்களின் இதயத்தை அளந்து வைத்துப் பின்தொடர்ந்தால்தான் இதைத் தீர்க்க முடியும். 2018-இல் இங்கிலாந்திலிருந்து வெளியான அப்படிப்பட்ட ஓர் ஆய்வில், பின்னால் நோயுற்றவர்களின் இதயம் முன்னரே சற்றுக் குறைந்த அளவு இரத்தத்தைச் செலுத்தியது தெரிந்தது. ஆனால் அதில் நோயுற்ற பெண்களின் எண்ணிக்கை மிகச் சிறிது. அக்கா இப்போது ஆண்டுக்கு இருமுறை இரத்த அழுத்தம் பார்த்துக்கொள்கிறாள். அதை அவளுக்குச் சொன்னது மருத்துவமனை அன்று, நான்தான்.